சூரியப் புள்ளிகளும் சூறாவளியும்

(கிராமப் பணியாளர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



உழவு, உரம், பாசனம் என்று பேசிப் பழகிய இம்மேடையில் நான் சூரியனைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பை அளிக்கலாம். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 10, 11 ஆகிய நாட்களில் சூரியனிலிருந்து புறப்பட்டு வந்த மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்த மண்டலத்தைக் கலக்கின. லடாக்கில் உள்ள ஹான்லேயில் இரவு வானம் செந்நிறம் கொண்டது. அச்செய்தி பரவியது முதல், "சூரியனில் வெடிப்பு நேர்ந்தால் கடலில் புயல் எழுமாமே, உண்மைதானா?" என்று கிராமங்களிலும் கேட்கிறார்கள். சிலர், "இது சூரியப் புள்ளிகள் மிகுந்த காலம், ஆகவே புயலும் மிகும்" என்று முடிவே கட்டிவிடுகிறார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று தள்ளிவிட இயலாது. காரணம் அல்லாததைக் காரணம் என்று நம்பினால், உண்மையான காரணத்தின் மீது நம் கண் விழாமல் போய்விடும். விதைப்பதும் படகைக் கரையேற்றுவதும் தானியத்தைச் சேமிப்பதும் அந்த நம்பிக்கையின்படி நடந்தால் விளைவு பெரிதாகும். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி சென்னை மாகாணத்தில் எழுந்தது. அப்போது லட்சக்கணக்கான உயிர்கள் ஊசலாடிக் கொண்டிருந்தன. அந்த வரலாற்றைக் கூறி, அதிலிருந்து நாம் பெறத்தக்க பாடத்தையும் கூறுவதே இன்று என் நோக்கம்.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் முன்னோர் வாக்கு. காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால் காக்கையின் பாரத்தால்தான் பழம் விழுந்தது என்பது மட்டும் இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஒன்று. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நேர்வது உடனிகழ்ச்சி. ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது காரண காரியத் தொடர்பு. முன்னதைக் கண்ணால் கண்டு எண்ணிவிடலாம். பின்னதை ஆராய்ந்துதான் நிறுவ வேண்டும். சூரியனையும் புயலையும் பற்றிய வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

சூரியப் புள்ளிகள் என்பவை யாவை? சூரியனின் மேற்பரப்பில் காந்தப் புலம் மிக வலுவாக இருக்கும் சில இடங்கள் சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்து கருமையாகத் தோன்றுகின்றன. அவையே சூரியப் புள்ளிகள். ஜெர்மனியைச் சேர்ந்த மருந்து வணிகர் ஹைன்ரிஹ் ஷ்வாபே 1826 முதல் ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் அவற்றை எண்ணி வந்தார். அவற்றின் தொகை சுமார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று 1843-இல் கண்டார். பின்னர் வந்த ஆராய்ச்சியில் இச்சுழற்சி சராசரியாக 11 ஆண்டு என்று தெளிவாயிற்று.

வானில் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று தெரிந்தவுடன், பூமியில் நடப்பவற்றை எல்லாம் அதனோடு பொருத்திப் பார்க்கும் ஆசை அறிஞர்களுக்கு எழுந்தது. மொரீஷியஸ் தீவில் வானிலையைக் கவனித்து வந்த சார்லஸ் மெல்ட்ரம், கப்பல்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு இந்துமாக் கடலின் புயல்களைத் தொகுத்தார். புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் புயல்களும் மிகுகின்றன என்று 1872-இல் அறிவித்தார். மறு ஆண்டே ஆந்த்ரேஸ் பொயெ என்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் சூறாவளிகளைப் பற்றியும் அவ்வாறே கூறினார். பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் தானிய விலையையும் வணிக நெருக்கடிகளையும்கூடச் சூரியப் புள்ளிகளோடு இணைத்துப் பார்த்தார்.

சென்னைப் பஞ்சமும் சூரியனும்

இந்த நிலையில்தான் 1876-இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர் என்பது மதிப்பீடு. நிவாரண வேலையில் கல் உடைத்த ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். மாகாணச் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். மக்கள் அவ்வாறு மடிந்து கொண்டிருந்த அதே ஆண்டில், அரசாங்கப் புள்ளிவிவரத் துறைத் தலைவர் டாக்டர் வில்லியம் ஹண்டர் ஓர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். தென்னிந்தியாவின் வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் ஒரு சுழற்சி உண்டு என்பது அந்நூலின் பொருள். சென்னை நகரில் 1813 முதல் 1876 வரை அளந்த மழைக் கணக்கை 11 ஆண்டுச் சுழற்சியில் அடுக்கி, சூரியப் புள்ளிகள் குறைந்த காலத்தில் மழையும் குறைகிறது என்று அவர் காட்டினார். வானியல் அறிஞர் நார்மன் லாக்யரும் அவருடன் சேர்ந்து இக்கருத்தை எழுதினார்.

அவர்களை ஏளனம் செய்வது தகாது. 1833-இல் குண்டூர்ப் பகுதியைப் பாழாக்கிய பஞ்சம் புள்ளிகள் மிகக் குறைந்த காலத்தில் நேர்ந்தது. 1876-இல் தொடங்கிய பஞ்சமும் அத்தகைய தாழ்வை ஒட்டியே வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே பார்ப்பவர்க்கு நம்பிக்கை பிறப்பது இயல்பே. அடுத்த பஞ்சத்தை முன்கூட்டி அறிந்தால் மக்களைக் காக்கலாம் என்ற நல்லெண்ணமும் அவர்களுக்கு இருந்தது. ஆயினும் நல்லெண்ணம் கணக்கைத் திருத்திவிடாது.

கணக்கைத் திருத்த முன்வந்தவர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி என்பவர். அவர் ஒரு படைப் பொறியாளர். இந்தியாவின் பாசனத்தையும் மராமத்தையும் நன்கு அறிந்தவர். அதே 1877-இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட சோதனை மிக எளியது. அதை நம் வழக்கில் கூறுகிறேன். ஒருவர், "சூரியச் சுழற்சி எனக்குத் தெரியும்; எந்த ஆண்டு எவ்வளவு மழை என்று சொல்வேன்" என்கிறார். மற்றொருவர், "எனக்கு எதுவும் தெரியாது, எல்லா ஆண்டும் சராசரி மழையே பெய்யும் என்று வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். முன்னவருடைய மதிப்பீடு பின்னவருடையதைவிட உண்மைக்கு நெருங்கி வந்தால் அல்லவா சுழற்சிக்கு மதிப்பு உண்டு? சென்னை மழைக் கணக்கை அவ்வாறு சோதித்த ஸ்ட்ரேச்சி, சுழற்சியைக் கொண்டு மதிப்பிடுவதால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் இல்லை என்று கண்டார். ஆண்டுக்கு ஆண்டு மழை தாறுமாறாக மாறும் அளவோடு ஒப்பிட்டால், ஹண்டர் கண்ட ஏற்றத்தாழ்வு தற்செயலாகவே தோன்றக் கூடியதாய் இருந்தது.

இதற்குக் காரணம் விளங்குவது கடினமன்று. 64 ஆண்டு என்பது பெரிய காலமாகத் தோன்றும். ஆனால் அதில் அடங்கும் சூரியச் சுழற்சிகள் ஆறே. ஒரு நாணயத்தை ஆறு முறை சுண்டி ஆறு முறையும் தலை விழுந்தால் வியப்படைவோம். ஆனால் எழுபது பேர் தனித்தனியே சுண்டினால், அவர்களில் ஒருவருக்கு அப்படி விழுவதில் வியப்பு என்ன? மழை, புயல், கோதுமை விலை, வணிக நெருக்கடி என்று பலவற்றைச் சூரியனோடு பொருத்திப் பார்த்தால், ஏதேனும் ஒன்று பொருந்தத்தான் செய்யும். பொருந்தியதை மட்டும் அச்சிட்டு, பொருந்தாததை மறந்துவிட்டால் அது சான்றாகாது.

பின்னர் நடந்ததையும் பாருங்கள். 1896–97-இல் இந்தியாவை மீண்டும் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்போது சூரியப் புள்ளிகள் 1894-இன் உச்சத்தைக் கடந்து, 1902-இன் தாழ்வை நோக்கி இறங்கும் இடைவழியில் இருந்தன. புள்ளிகள் மிகக் குறைந்த ஆண்டுக்காக மட்டும் தானியம் சேர்த்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நல்வாய்ப்பாக அவ்வாறு செய்யவில்லை. 1878-இல் அமைந்த பஞ்ச ஆணைக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அதே ஸ்ட்ரேச்சிதான். 1880-இல் வந்த அக்குழுவின் அறிக்கையும், 1883-இல் உருவான பஞ்ச விதித் தொகுப்பும் வானத்துப் புள்ளிகளை நோக்கவில்லை. பூமியில் வாழும் மனிதனை நோக்கின. தானிய விலை ஏறுகிறதா, மக்கள் ஊரை விட்டு வெளியேறுகிறார்களா, வேலை இல்லாதவர் பெருகுகிறார்களா என்பவற்றை அபாய அறிகுறிகளாகக் கொண்டு, உடனே கூலி வேலை திறக்க வழி வகுத்தன. அவ்விதிகளில் குறைகள் உண்டு. அவற்றைக் கஞ்சத்தனமாக நடத்தியவர்களும் உண்டு. ஆயினும் மழை பொய்ப்பது வேறு, மக்கள் பட்டினி கிடப்பது வேறு என்பதை உணர்ந்த முறை அது. விலைக்கு வாங்கும் சக்தியும் வேலையும் போக்குவரத்தும் இருந்தால், மழையற்ற ஆண்டிலும் உயிர் பிழைக்கலாம்.

தவளையும் மழையும்

தவளை கத்தினால் மழை வரும் என்கிறோம். இது பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஆனால் தவளை மழையை அழைப்பதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது தவளை கத்துகிறது. அதே ஈரம் மழையாகவும் பொழிகிறது. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று நிற்கிறது. ஆராய்ச்சியாளன் தேட வேண்டியது இந்த மூன்றாவதை.

1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. உலகெங்கும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எண்ணற்ற கணக்குகள் போடச் செய்தார். சூரியப் புள்ளிகளையும் விட்டுவிடாமல் 1915-இல் ஆராய்ந்தார். மழையை முன்னறிவிக்கத் தக்க வலுவான தொடர்பு அதில் கிட்டவில்லை. நூறு கணக்குப் போட்டால் அவற்றில் மிகப் பெரிதாகத் தோன்றுவது தற்செயலாகவும் இருக்கலாம் என்று 1914-லேயே எச்சரித்து, அதனைச் சோதிக்கும் முறையையும் வகுத்தவர் அவர். அத்தகைய சல்லடையில் சலித்தபின் அவர் கையில் நின்றது, பசிபிக் கடற்பகுதிக்கும் இந்துமாக் கடற்பகுதிக்கும் இடையே காற்றழுத்தம் துலாக்கோல் போல் ஏறி இறங்குவது என்ற உண்மை. அதற்குத் தென் அலைவு என்று 1924-இல் பெயரிட்டார். கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறும் எல் நினோ என்ற நிகழ்ச்சியும் இந்த அலைவும் ஒரே இயக்கத்தின் இரு முகங்கள் என்று 1969-இல் யாக்கப் பியர்க்னஸ் விளக்கினார். 1877–78-இல் மிகக் கடுமையான எல் நினோ நிலவியது என்பது இன்று தெளிவு. ஹண்டர் வானத்தில் தேடிய காரணத்தின் பெரும் பகுதி கடலில் இருந்தது.

இதையும் மந்திரமாகக் கொள்ளலாகாது. 1997-இல் மிக வலிய எல் நினோ இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சராசரியை ஒட்டியே பெய்தது. உண்மைக் காரணமும் ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சூறாவளி எதனால் வளர்கிறது?

இனி, மேற்கிந்தியத் தீவுகளின் சூறாவளிக்கு வருவோம். 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி சூரியனில் மிகப் பெரிய சுவாலை ஒன்று வெடித்தது. 2008-இன் இறுதியில் தொடங்கிய சூரியச் சுழற்சியில் அதுவே மிக வலியது. அதே நாளில் இர்மா என்ற சூறாவளி பார்புடா தீவைச் சின்னாபின்னமாக்கியது. "இதோ சான்று!" என்று பலர் கூறினர். ஆனால் தேதிகளை வரிசைப்படுத்துங்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நகர்ந்த காற்றலையிலிருந்து பிறந்த இர்மா, ஆகஸ்டு 30-ஆம் தேதியே புயலாகிப் பெயர் பெற்றுவிட்டது; செப்டம்பர் 5-இல் உச்ச வகையான ஐந்தாம் வகையை எட்டிவிட்டது. பார்புடாவைத் தாக்கிய பிறகு, பல மணி நேரம் கழித்தே சுவாலை வெடித்தது. பிள்ளை பிறந்த பின்னரா தாய் பிறப்பாள்?

சூறாவளிக்கு உணவு வெதுவெதுப்பான கடல்நீர். ஏறத்தாழ 26 அல்லது 27 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. மேலே வீசும் காற்றும் கீழே வீசும் காற்றும் வேகத்தில் மிக மாறுபட்டால் சூறாவளி சிதைந்துவிடும். எல் நினோ ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலின் மேல் இம்மாறுபாடு மிகுவதால் அங்கே சூறாவளிகள் குறைகின்றன. வில்லியம் கிரே 1984-இல் இதனை எடுத்துக்காட்டி, பருவத்துக்கு முன்னதாகவே மதிப்பீடு வெளியிடத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் தவறியதும் உண்டு. ஆனால் முன்னதாகச் சொல்லி, பின்னர் ஊரறியச் சரிபார்க்க இடம் கொடுத்தது. மாறாக, சூரியச் சுவாலையின் எக்ஸ் கதிர்கள் தரைக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு விடுகின்றன. வானிலை நிகழ்வதோ அடியில் உள்ள சுமார் 15 கிலோமீட்டருக்குள். 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியனின் மொத்த ஒளி மாறுவதும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே.

ஆகவே தொடர்பு அறவே இல்லை என்று அடித்துச் சொல்லலாமா? அதுவும் அவசரமே. ஃபுளோரிடா அரசுப் பல்கலைக்கழகத்தின் எல்ஸ்னர், ஜாகர் ஆகிய இருவர் 2008-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். புள்ளிகள் மிகுந்த காலத்தில் கரிபியன் பகுதியின் சூறாவளிகள் வலுக் குறைகின்றன என்றும், புற ஊதாக் கதிர்கள் மேல்வளியைச் சூடேற்றுவதால் கடலுக்கும் மேல்வளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு சுருங்குவது காரணமாகலாம் என்றும் கூறினர். வழியைச் சுட்டிக் காட்டியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் கவனியுங்கள்: அதே கடலைப் பற்றி 1873-இல் பொயெ, புள்ளி மிகுந்தால் சூறாவளி மிகும் என்றார், இவர்கள் குறையும் என்கிறார்கள். செயற்கைக்கோள் வருவதற்கு முன் நடுக்கடலில் எழுந்து மறைந்த புயலை அவ்வழியே சென்ற கப்பல் மட்டுமே கண்டது. பழைய எண்ணிக்கையில் புயல்கள் மட்டுமல்ல, பார்த்த கண்களும் எண்ணப்பட்டிருக்கின்றன. இந்த ஆராய்ச்சி தொடர வேண்டியதுதான். ஆனால் அதைக் கொண்டு படகுக்கும் பயிருக்கும் முடிவு செய்யும் காலம் வரவில்லை.

அந்தச் சுவாலை ஒரு தீங்கைச் செய்யவே செய்தது. மேல்வளி மின்னூட்டம் பெற்றதால் கரிபியன் பகுதியில் குறுகிய அலை வானொலித் தொடர்பு சில மணி நேரம் தடைப்பட்டது. தொலைபேசி அற்றுப்போன இடங்களில் மீட்புப் பணியாளர் நம்பியிருந்தது அதைத்தான். சூரியன் சூறாவளியை எழுப்பவில்லை. உதவி கேட்கும் குரலை அடக்கியது. காரணத்தைச் சரியாக அறிந்தால், செய்ய வேண்டிய ஏற்பாடும் சரியாக அமையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரே வகைத் தொடர்பை நம்பி இராமல் மாற்று வழியும் வைத்திருக்க வேண்டும் என்பதே அங்கே பெறும் பாடம்.

நான்கு கேள்விகள்

சகோதர சகோதரிகளே! "இதனால் அது நிகழ்கிறது" என்று யாரேனும் உங்களிடம் கூறினால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை முறை நிகழ்ந்தது; பொருந்தாத முறைகளையும் எண்ணினீர்களா? முன்னதாகச் சொல்லி, பின்னர் பலித்ததா? எவ்வழியே ஒன்று மற்றொன்றைத் தாக்குகிறது. காரணம் காரியத்துக்கு முன்னே வந்ததா? இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று உண்டா?

இக்கேள்விகள் வானத்துக்கு மட்டும் உரியவை அல்ல. புதிய விதையை இட்டவர் வயலில் விளைச்சல் கூடியது என்று கேள்விப்படுகிறோம். அவர் வயல் வாய்க்காலின் தலைமடையில் இருக்கலாம். தொழுவுரம் இட வசதி உள்ளவராகவும் இருக்கலாம். விளைச்சலுக்குக் காரணம் விதையா, நீரா, உரமா? ஒரே வயலை இரண்டாகப் பிரித்து, நீரும் உரமும் நடவு நாளும் ஒன்றாக வைத்து, பாதியில் பழைய விதையும் பாதியில் புதிய விதையும் இட்டுப் பாருங்கள். ஒரு வயலோடு நில்லாமல் பத்து வயல்களில் செய்யுங்கள். அப்போது பேசுவது வயலே.

அவ்வாறே, ஊரில் மழைமானி இருந்தால் தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து குறித்து வையுங்கள். மழை இல்லாத நாளில் வெற்றிடம் விடாமல் சுழியம் எழுதுங்கள். ஷ்வாபே பதினேழு ஆண்டு எண்ணியதால்தான் சூரியச் சுழற்சி தெரிய வந்தது. சென்னையில் அளந்து வைத்த மழைக் கணக்கு இருந்ததால்தான் ஸ்ட்ரேச்சி ஒரு தவறான முடிவைத் தடுக்க முடிந்தது. பஞ்சத்துக்குப் பின் சூரியனை ஆராயும் ஆர்வம் வளர்ந்து, 1899-இல் கொடைக்கானல் வானாய்வுக்கூடம் தோன்றவும் ஒரு தூண்டுகோலாயிற்று. மழையின் திறவுகோல் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் சூரியப் புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாயும் இயக்கத்தை 1909-இல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். உண்மையான குறிப்பு ஒருபோதும் வீண்போவதில்லை.

புயல் எச்சரிக்கை வரும்போது சூரியனில் புள்ளி உண்டா என்று பார்க்க வேண்டாம். வானிலை நிலையத்தின் அறிவிப்பைக் கேளுங்கள். தாழ்ந்த இடத்தில் குடியிருப்பவர்களை முதலில் அப்புறப்படுத்துங்கள். காக்கை பறந்துதான் போகும், பனம்பழமும் விழத்தான் செய்யும். அடியில் நிற்பவனை அழைத்துக்கொண்டு வருவதே நம் கடமை.